வில்லன் எத்தனை கிலோ? – கடிதம்

அன்புள்ள சார்,

நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல்லூரியில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கடைசி பிராஜெக்டுக்கு 12 நிமிட திரில்லர் எடுக்கிறோம், டைரக்‌ஷன் நான்தான். மாங்காய் மண்டியில் கணக்கு எழுதும் ஒரு பெண், சீசன் முடிந்த பிறகு பழைய பில் புத்தகத்தில் ஒரு தப்பைக் கண்டுபிடிக்கிறாள். அன்றிரவு ஒருவன் அவளைத் துரத்துகிறான். தொப்பூர் கணவாயில் சேஸிங், ஒகேனக்கல்லில் பரிசலில் கிளைமாக்ஸ். மொத்தம் 140 ஷாட், மூன்று ராத்திரி, எல்லாரும் சேர்ந்து போட்டது 22,000 ரூபாய். மண்டி ஆகஸ்டுக்கு மேல் காலியாக இருக்கும், கேட்டுவிட்டோம்.

சிக்கல் நடிகர்கள்தான். வில்லனுக்கு கிளாஸ்மேட் ஒருவன் இருக்கிறான், ஜிம் பாடி, தாடி, பார்த்தாலே பயமாக இருக்கும். கணக்குப் பெண்ணாக நடிக்கத்தான் யாரும் வரவில்லை, வீட்டில் விடமாட்டார்கள் என்கிறார்கள். நானே நடித்துவிடலாமா? இல்லை, தெரிந்தவர் மூலமாக பெங்களூரிலிருந்து ஒரு மாடல் பெண்ணைக் கூப்பிடலாமா? கதையில் ஒரு போலீஸ்காரரும் பத்து வயதுப் பையனும் உண்டு. நீங்கள் குறும்படத்துக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று படித்ததால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம் சார்.

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் தொப்பூரையும் ஒகேனக்கல்லையும் தாண்டி என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் காலி மண்டிதான். சீசனில் பெங்களூரா மாங்காய் மலைபோல் குவிந்து, கால் வைக்க இடமில்லாமல், லாரி ஹார்னும் எடை சொல்லும் சத்தமுமாக இருக்கிற இடம், இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கிரேட் பெட்டிகளை அடுக்கிவைத்து, தரையில் காய்ந்த மாம்பால் கறையோடு, ஒரு நாய் படுத்திருக்கும் பாருங்கள், அது உங்களுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது. இதை விட்டுவிட்டு எதற்குத் தங்கையே தொப்பூருக்குப் போகிறீர்கள்?

அதை முதலில் முடித்துவிடுகிறேன். தொப்பூர் இறக்கத்தில் லாரி பிரேக் பிடிக்காமல் போய் நடக்கிற விபத்து எத்தனை என்று இந்தப் பக்கத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்த ரோட்டில் ராத்திரி டிரைபாடோடு நிற்பதைப் பற்றி நான் விவாதம்கூடச் செய்யமாட்டேன், கூடாது. ஒகேனக்கல்லில் காவிரியில் தண்ணீர் கூடினால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள், நீங்கள் எடுக்கப்போகிற மாதங்களில் அது அடிக்கடி நடக்கும். போட்டார்கள் என்றால் கிளைமாக்ஸே இல்லாமல் திரும்பி வரவேண்டும். போடவில்லை என்றாலும் அருவிச் சத்தத்தில் ஒரு வசனம் பதிவாகாது. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி 45 கிலோமீட்டர், அங்கிருந்து ஒகேனக்கல் மறுபடி அதே தூரம். வேன் வாடகையிலேயே உங்கள் 22,000இல் ஒரு நல்ல பங்கு போய்விடும்.

ஷாட் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மூன்று ராத்திரி, ராத்திரிக்கு 8 மணி நேரம் என்றால் 1,440 நிமிடம். 140 ஷாட்டுக்கு ஒன்றுக்குப் பத்து நிமிடம். அதற்குள் லைட் மாற்றி, ஒத்திகை பார்த்து, நடித்து, சொதப்பி, மறுபடி நடித்து, நடுவில் பரோட்டாவும் சாப்பிட்டாக வேண்டும். நடக்காது. அறுபதுக்குக் கொண்டுவாருங்கள், முழுக்கதையும் மண்டிக்குள்ளேயே, ஒரே ராத்திரியில் நடக்கட்டும்.

இப்போது ஆள் விஷயம்.

2011இல் தருமபுரியில் நண்பர்கள் நாலைந்து பேர் ஒரு குறும்படம் எடுத்தோம், எழுதியது நான். கிராமத்தில் நகை காணாமல் போகிறது, எடுத்தது யார் என்பதுதான் கதை. வில்லனுக்கு நாங்கள் பிடித்த ஆள் ஆறடி, மீசை இரண்டு பக்கமும் முறுக்கி, கண் எப்போதும் சிவந்திருக்கும். எங்களுக்கு அவ்வளவு பெருமை. ஒரு கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிப் போட்டுக் காட்டினோம். மூன்றாவது நிமிடத்தில் அவர் சும்மா தெருவில் நடந்துதான் வருகிறார், ஒன்றும் செய்யவில்லை, முன்வரிசையிலிருந்த ஒரு பாட்டி சத்தமாக, "இவன்தான்டி எடுத்தான்" என்றாள். மண்டபமே சிரித்தது. மிச்சம் பதினாலு நிமிடம் ஓடியது என்னவோ உண்மை, படம் முடிந்தது அந்த இடத்தில்தான். உங்கள் ஜிம் நண்பரைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்தப் பாட்டி குரல்தான் கேட்டது. அவரைத் தள்ளிவிட வேண்டாம், பயமுறுத்துகிற முகத்தை நல்லவனுக்குக் கொடுங்கள். அவள் உதவிக்குக் கூப்பிடுகிற வாட்ச்மேனாக அவர் இருக்கட்டும். அவரைப் பார்த்ததும் ஆடியன்ஸ் தப்பாக நினைக்கும், அந்தத் தப்பு உங்களுக்கு இரண்டு நிமிடம் வேலை செய்யும்.

சரி, வில்லனுக்கு யார்?

சில மண்டிகளில் எடை மெஷினின் தட்டு வெளியே ஷெட்டில் இருக்கும், எண் காட்டுகிற பெட்டி ஒயர் இழுத்து உள்ளே ஆபீஸ் மேஜையில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். உங்கள் மண்டியில் அப்படி இல்லையென்றாலும் பெட்டியை உள்ளே வைத்து எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெண் பில் புத்தகத்தில் குனிந்து கணக்கைச் சரிபார்க்கிறாள், பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 0.0. ஷெட்டில் இருட்டு. எண் திடீரென்று 48.2 ஆகிறது. 47.9. 48.1. மூட்டையோ கிரேட்டோ வைத்தால் எண் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். உயிருள்ள ஆள் நின்று லேசாக அசைந்தாலும் கடைசி இலக்கம் ஆடும். அவள் பார்க்கவில்லை, நாம் பார்க்கிறோம். மறுபடி 0.0. அவள் பக்கத்தைத் திருப்புகிறாள்.

இதற்கு ஒரு பைசா செலவில்லை. அந்தப் பத்து வயதுப் பையனும் வேண்டாம் என்று ஆகிறது, ஏனென்றால் அவன் பார்க்கவேண்டியதை மெஷின் பார்த்துவிட்டது. (சின்னப் பிள்ளைகளை நடிக்கவைப்பதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி, ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றெல்லாம் விதி இருக்கிறது. ராத்திரி ஷூட்டுக்கு அதை நினைக்கவே வேண்டாம்.) அதோடு உங்கள் வில்லன் யாரென்பதையும் அந்த எண் சொல்லிவிடுகிறது. 84 என்று காட்டினால் தடியன் ஒருத்தன் வந்திருக்கிறான், அவ்வளவுதான். 48 என்றால் யார் அது? பெண்ணா, வயசானவரா, பையனா? இனி படத்தில் வருகிற ஒவ்வொருத்தரையும் ஆடியன்ஸ் கண்ணாலேயே எடை போடும். நான் நடிகர் தேடுகிறவனாக இருந்தால் ஆடிஷனில் முதல் கேள்வியே வெயிட் எவ்வளவு என்பதுதான்.

அப்படி ஒரு 48 கிலோ ஆளைக் கல்லூரியில் தேடாதீர்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் பாரதக் கூத்து கட்டுகிற ஜமா (கூத்துக் குழு) எத்தனை இருக்கிறது! பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் அவர்களைப் பிடிக்க முடியாது, திரௌபதி அம்மன் கோவில்களில் ஊர் ஊராக ஆட்டம். அதற்குப் பிறகு கேட்டால் வருவார்கள். ஒல்லியான ஒரு பெரியவரைப் பாருங்கள். விடிய விடிய ஆடிப் பழகியவர்கள், ராத்திரி மூன்று மணிக்கு உங்கள் பையன்கள் கேமரா பையில் தலைவைத்துத் தூங்கும்போது அவர் டீ குடித்துவிட்டு அடுத்தது என்ன என்று கேட்பார். ஒன்றே ஒன்று, அவருடைய நடிப்பு வயற்காட்டின் கடைசியில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியவேண்டிய நடிப்பு. கேமரா நாலடியில் இருக்கும்.

அந்த 2011 படத்துக்கு அப்படி ஒரு பெரியவர் வந்தார், துரியோதனன் வேஷம் கட்டுகிறவர். "நீ இன்னும் வீட்டுக்குப் போகலையா?" என்று ஒரு வரி. அவர் சொன்னார், ஓட்டிலிருந்த புறா பறந்துபோனது. மெதுவாக, மெதுவாக என்று பத்து தடவை சொல்லியும் ஆகவில்லை, மெதுவாகச் சொன்னாலும் புருவம் கத்தியது. அந்த வீட்டுத் திண்ணையில் பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். சும்மா போய் அதில் கொஞ்சம் தட்டுங்க, தட்டிக்கிட்டே சொல்லுங்க என்றோம். கொட்டை தெறிக்காமல் பார்த்துத் தட்டவேண்டும், அவர் கண்ணெல்லாம் புளியில். நிமிராமலேயே சொன்னார், "நீ இன்னும் வீட்டுக்குப் போகலையா?" எங்களுக்கு முதுகு சில்லிட்டது. கையில் வேலை இருந்தால் முகம் சும்மா இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உங்கள் பெரியவருக்கும் வெறும் வசனத்தைக் கொடுக்காதீர்கள், கிரேட் அடுக்கட்டும், கயிறு சுற்றட்டும். அப்புறம், சம்பளம் கொடுங்கள். நண்பர்கள் சும்மா நடிக்கலாம், அவருக்கு அது தொழில்.

கணக்குப் பெண் வேஷத்தை நீங்கள் போடக்கூடாது. நீங்கள் ஃபிரேமுக்குள் போய்விட்டால் வெளியே யார் பார்ப்பது? ஒவ்வொரு டேக்குக்கும் ஓடிவந்து மானிட்டரைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தால் அறுபது ஷாட்டும் நாற்பதாகிவிடும். மாடல் பெண்ணும் வேண்டாம். அழகு பிரச்சினையில்லை, கால்குலேட்டரை எடுக்கிற கை காட்டிக்கொடுத்துவிடும். மண்டியில் கணக்கு எழுதுகிறவர்கள் பார்க்காமலேயே தட்டுவார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏன் 20 வயதாக இருக்கவேண்டும் என்று உங்கள் கதையில் எங்கேயும் காரணம் இல்லை. 45 வயதாக இருக்கட்டும். பெரியம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, மளிகைக்கடையில் பில் போடுகிறவர் என்று தேடிப்பாருங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீட்டில் தெலுங்கு உண்டு, கன்னடம், உருது பேசுகிறவர்களும் உண்டு. போனில் வீட்டாரோடு பேசும்போது அவர் தன் பாஷையிலேயே பேசட்டும், கீழே தமிழில் எழுத்து போட்டுக்கொள்ளலாம். சென்னைத் தமிழில் டப்பிங் செய்து கெடுத்துவிடாதீர்கள்.

ஆடிஷனுக்கு வசனப் பேப்பரைக் கொடுக்காதீர்கள், படிப்பார்கள். எதிரில் உட்காரவைத்து, வீட்டுக்குப் போன் போட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லச் சொல்லுங்கள். முகத்தில் ஒன்றும் மாறாமல் ஒருத்தர் பொய் சொன்னால் அவர் வில்லன் பக்கம். பொய் சொல்லும்போது கை சேலை முந்தானையைத் தேடினால் அவர் கணக்கம்மா. முடிந்ததும் மறுபடி போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் சோறு எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வீட்டில் விடமாட்டார்கள் என்பதற்கு ஒரு வழி, ராத்திரி ஷூட்டை ராத்திரியில் எடுக்காமல் இருப்பது. ஆபீஸ் ரூம் ஜன்னலை வெளியிலிருந்து தார்ப்பாய் போட்டு அடைத்து, இடுக்கில் கோணிப்பை திணித்தால் மத்தியானம் இரண்டு மணிக்கும் உள்ளே நடுராத்திரிதான். ஷெட்டைக் காட்டுகிற பத்துப் பதினைந்து ஷாட்டை மட்டும் ஒரே ராத்திரியில் முடிக்கலாம். நேரத்தை ஒரு தாளில் எழுதி, யார் கூட்டிவந்து யார் கொண்டுபோய் விடுவார்கள் என்பதையும் சேர்த்து, நீங்களே நேரில் போய் வீட்டாரிடம் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வேலைக்காகாது.

போலீஸ்காரர் பாத்திரம் தேவைதானா என்று பாருங்கள். இருந்தே ஆகவேண்டும் என்றால் மண்டிக்குள் மட்டும் உடுப்பு, டீ குடிக்க ரோட்டுக்கு வரும்போது கழற்றிவிட வேண்டும். ஏமாற்றுகிற எண்ணத்தோடு அந்த உடுப்பைப் போடுவது குற்றம். உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை, ஹைவேயில் நிற்கிற ஆளுக்கு அது எப்படித் தெரியும்? ஸ்டேஷனில் முன்கூட்டியே கல்லூரிக் கடிதத்தோடு ஒரு தகவல் எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

இரண்டு விஷயம் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும், இந்த வாரமே. ஒன்று, கூரை. தகர ஷீட் என்றால் மழை பிடித்தால் ஒரு வார்த்தை ரெக்கார்ட் ஆகாது, நீங்கள் எடுக்கிற மாதத்தில் சாயங்கால மழை சகஜம். வசனக் காட்சிகளைக் காலையில் போடுங்கள். இன்னொன்று, அந்த எடை மெஷின். நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் கேமரா ஷட்டரை 1/50 நொடியில் வைத்தால் டியூப் லைட் ஆட்டம் தெரியாது. மெஷினின் சிவப்பு எண்ணுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சில ஷட்டரில் எண் பாதி பாதியாக உடைந்து தெரியும். வேறு வேறு ஷட்டர் வைத்து எடுத்துப் பாருங்கள், எண் சரியாகத் தெரிகிற ஷட்டரில் டியூப் லைட் ஆடினால் அந்த ஷாட்டில் டியூப் லைட்டை அணைத்துவிட்டு மேஜைக்கு ஒரு பேட்டரி விளக்கு வைத்துக்கொள்ளலாம்.

டெஸ்ட் எடுக்கும்போது உங்களில் யாராவது தட்டில் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருதரம், விட்டுக்கொண்டு ஒருதரம் நில்லுங்கள், எண் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கவேண்டும். அந்த வீடியோவை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து

பி.கு.: அடுக்கியிருக்கிற கிரேட்டை நகர்த்துவதற்கு முன்னால் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கண்டின்யூட்டிக்கும் (ஷாட்டுக்கு ஷாட் பொருள் இடம் மாறாமல் இருக்க) ஆகும், கடைசியில் மண்டிக்காரர் வைத்திருந்த மாதிரியே திருப்பி அடுக்கவும் ஆகும்.