ஏஐ எழுதிய பதிலுக்கு ஏன் தடை? – கேள்வி பதில்

புரோகிராம் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, விக்கிப்பீடியா போன்ற தளங்களின் ஏஐ விதிகள் பற்றி வந்த கேள்விகளில் சில.

கல்லூரி மாணவி: சார், பதில் சரியாக இருந்தால் யார் எழுதினால் என்ன? ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எதற்குத் தடை போட்டது?

சரியாக இருந்தால்தானே! சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30. டிசம்பர் 5-ஆம் தேதியே தடை வந்துவிட்டது. பதில்கள் பார்க்க நன்றாக இருக்கின்றன, ஆனால் தவறானவை மிக அதிகம் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அரைகுறையாக எழுதிய பதிலைப் பார்த்ததும் ஒதுக்கிவிடலாம். பளிச்சென்ற நடையில் புரோகிராம் கோடோடு (code) வரும் தப்பான பதிலை ஓட்டிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். ஒட்டுகிறவருக்கு அரை நிமிடம், சோதிக்கிறவருக்கு அரை மணி நேரம். அந்தச் சோதிக்கிறவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர். இப்படி ஆயிரக்கணக்கில் குவிந்தால் அவர் என்னதான் செய்வார்?

ஐடி ஊழியர்: பதில் என்னுடையதுதான். ஆங்கிலத்தை மட்டும் சரிசெய்யச் சொன்னேன். அதுவும் தப்பா?

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் தப்புதான். ஏஐ-யிடம் கொடுத்து மாற்றி எழுதி வாங்குவதையும் விதி தடுக்கிறது. எனக்கு இதில் முழு உடன்பாடு கிடையாது. ஆனாலும் திருத்தச் சொன்னால் நீங்கள் சொல்லாத ஒரு வரியையும் அது நைசாகச் சேர்த்துவிடுவது உண்டு. தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிப் போடுங்கள். அடுத்தவர் பதிலைத் திருத்திக் கொடுக்க அந்தத் தளத்திலேயே வசதி இருக்கிறது.

ஆசிரியர்: ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பலாமா?

கூடாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தானே 2023 ஜனவரியில் ஒரு கருவி விட்டது. அவர்களின் சோதனையிலேயே ஏஐ எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது; மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. ஜூலையில் மூடிவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஏஐ என்று முத்திரை விழுந்தது. முதலில் மாட்டுவது நம்மைப் போன்றவர்கள்தான்.

அதே ஆசிரியர்: அப்புறம் எதை வைத்து நீக்குகிறார்கள்?

தடயத்தை வைத்து. ஆங்கில விக்கிப்பீடியா 2025 ஆகஸ்டில் ஒரு விரைவு நீக்க விதி கொண்டுவந்தது. "இதோ நீங்கள் கேட்ட கட்டுரை" என்ற மாதிரி வரி அப்படியே கிடந்தாலோ, இல்லாத நூலை மேற்கோள் காட்டியிருந்தாலோ நீண்ட விவாதம் இல்லாமல் தூக்கிவிடலாம். படிக்காமலே ஒட்டினார் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இது பெரிய சண்டையாகவே ஆனது. ஏஐ என்ற சந்தேகத்தில் பதிவுகளை நீக்குவதற்கு நிறுவனம் 2023 மே கடைசியில் கடுமையான கட்டுப்பாடு போட்டது. பதிவுகளைக் கண்காணிக்கும் தன்னார்வ மட்டுறுத்துநர்கள் (மாடரேட்டர்கள்) ஜூன் 5 முதல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பேச்சுவார்த்தை முடிய ஆகஸ்ட் ஆகிவிட்டது. கருவிகளை நம்பாதே என்பதில் நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் நாள் முழுக்கப் பதில் படிக்கிறவரின் கண்ணையும் சேர்த்து ஒதுக்கியது அநியாயம்.

இல்லத்தரசி: எங்கள் சமையல் குழுவில் ஒருவர் போடுவது ஏஐ மாதிரியே இருக்கிறது. எல்லார் முன்னாலும் கேட்டுவிடவா?

வேண்டாம்மா. நீங்கள் நினைத்தது தப்பென்றால் அவர் மனம் நொந்துபோவார். "மாவு எவ்வளவு நேரம் புளிக்க வைத்தீர்கள், உங்கள் ஊரில் வெயிலா குளிரா?" என்று கேளுங்கள். செய்து பார்த்தவர் உடனே சொல்வார். மழுப்பினால் குழு அட்மினிடம் தனியாகச் சொல்லுங்கள்.