பாலக்காடு, கோயமுத்தூர், கொச்சி: பழைய ரெக்கார்டு வாங்க எந்தக் கடை நல்லது?

வீட்டுக்கு டர்ன்டேபிள் வந்திருக்கு, தமிழ் மலையாளம் ரெண்டும் கேப்பேன், இந்த மூணு ஊர்ல எங்க போனா தேவலைன்னு கேட்டிருக்கீங்க. எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை, இந்தப் பக்கம் போனா பாலக்காடு அந்தப் பக்கம் போனா கோயமுத்தூர், ரெண்டுக்கும் பஸ் இருக்கு, காலேஜ் படிச்ச காலத்துல இருந்தே லீவு நாள்னா ரெக்கார்டு தேடிப் போறதுதான் நம்ம வேலை. அதனால சொல்றேன், விலைய வச்சு கடைய எடை போடாதீங்க. காசு வாங்கறதுக்கு முன்னாடி ரெக்கார்டுத் தட்டப் போட்டுக் கேக்க விடற கடைதான் கடை. கடைல பிளேயர் இருந்தும் அப்படி விடாத எடத்துல அம்பது ரூவாய்க்கு எல்பி, அதான் நிறைய பாட்டு இருக்கற பெரிய தட்டு, கிடைச்சாலும் எனக்கு அது வேண்டாம்.

ஊருக்கு ஊர் சரக்கு ஏன் மாறுதுன்னு புரிஞ்சுக்கிட்டா தேடறது பாதி சுலபமாயிரும். அச்சடிச்ச எடம் பெரும்பாலும் ஒண்ணுதான். எச்எம்வி, கொலம்பியா, ஏஞ்சல், ஓடியன் எல்லாம் கிராமபோன் கம்பெனியோட லேபிள்தான், தட்டு வந்தது கல்கத்தா டம்டம் ஃபேக்டரில இருந்து. அதுல தமிழும் மலையாளமும் கலந்தே வந்துச்சு, ஏன்னா அந்தக் காலத்துல மலையாளப் படப் பாட்டும் பெரும்பாலும் மெட்ராஸ்லதான் ரெக்கார்டிங். ஆளுகளும் அப்படித்தான். எம்.எஸ்.விஸ்வநாதன் பொறந்தது எங்களுக்குப் பக்கத்துல எலப்புள்ளில, கே.வி.மகாதேவன் நாகர்கோயில்காரர், ரெண்டு பேரும் ரெண்டு பாஷைலயும் பாட்டு போட்டவங்க. அதனால எல்லைப் பக்கம் ஒரே பெட்டில ரெண்டு பாஷையும் கலந்து கிடக்கும், சென்னைலயும் கோழிக்கோட்லயும் இந்த மாதிரி கலந்து எனக்குக் கிடைச்சதில்ல.

ஆனா தட்டு எந்தக் கையில இருந்து கடைக்கு வந்துச்சுன்றதுதான் பெரிய விஷயம். கோயமுத்தூர், பொள்ளாச்சி, உடுமலை பக்கம் வர்ற ஈபில, அதான் கொஞ்சம் பாட்டு மட்டும் இருக்கற சின்னத் தட்டுல, பாதி மைக் செட் காரங்க வச்சிருந்தது. எங்க பெரியப்பாவும் மைக் செட் வச்சிருந்தாரு, கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பின்னா குழாய் ஸ்பீக்கர் கட்டி விடிய விடிய ஓட்டுவாங்க, ஊசி தேஞ்சு போனாலும் அதையே ஓட்டுவாங்க, ஊசி மாட்டற ஆர்மும் கனமானது வேற. அந்த ஈபி கவரப் பாத்தாலே தெரியும், சவுண்ட் சர்வீஸ் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும், அவசரத்துக்குத் தேடி எடுக்கறதுக்கு தட்டு நடுவுல ஒட்டியிருக்கற லேபிள்ல பெயின்ட்ல நம்பர் போட்டிருப்பாங்க. வேற எங்கயும் கிடைக்காத பாட்டெல்லாம் இதுல வரும், ஆனா ஊசி ஓடற பள்ளம் தேஞ்சு சாம்பக் கலர்ல இருக்கும். கேரளா பக்கம் வர்றது நிறைய வீட்டுச் சரக்கு. கல்ஃப்ல இருந்து வந்தவங்க நல்ல பிளேயர் கொண்டு வந்து, பத்திரமா போட்டுக் கேட்டு, அப்பறம் கேசட் வந்ததும் அலமாரிக்கு மேல ஏத்தி வச்சது. தேய்மானம் கம்மி. ஆனா அங்க அடிக்கற மழைக்கு உறைக்குள்ள பூஞ்சக்காளான் புடிச்சு தட்டு முழுக்க வெள்ளப் புள்ளியா இருக்கும். பூஞ்சைய கழுவி எடுத்தரலாம், தேஞ்ச பள்ளத்த யாராலயும் திருப்பிக் கொண்டு வர முடியாது. அதனால ஒரே பாட்டு ரெண்டு பக்கமும் கிடைச்சா நான் பாலக்காட்டுல பூஞ்ச புடிச்சதத்தான் எடுப்பேன்.

கோயமுத்தூர்ல ரெக்கார்டுக்குன்னே கடை தேடி அலையாதீங்க, டவுன்ஹால் பக்கம் சந்துகள்ல பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பாக்கறவங்ககிட்ட கேளுங்க. அவங்ககிட்டதான் சரக்கும் இருக்கும், ஓடற பிளேயரும் இருக்கும். நான் வழக்கமா போற கடைக்காரர் நாம எடுத்து வச்ச ஒவ்வொரு தட்டயும் அவரே தொடச்சுப் போட்டுருவாரு, "கேட்டுட்டு எடுத்துக்கங்க சாமி, ஊட்டுக்குப் போயி கீறல்னு போன் பண்ணாதீங்க"ம்பாரு, நல்லா இல்லைன்னா நாம சொல்றதுக்கு முன்னாடி அவரே ஓரமா எடுத்து வச்சிருவாரு. அந்த மனுஷன்கிட்ட பத்து ரூவா கூடக் குடுத்து வாங்கலாம்ங்க, மனசார சொல்றேன்.

பாலக்காடுல சுல்தான்பேட்டை, வலியங்காடி பக்கம் ஆக்ரிக்கடைகள்லயும், அதான் பழைய சாமான் கடை, பழைய புஸ்தகக் கடைலயும் வரும். அங்க போட்டுக் கேக்க வழி இல்ல, அதனால கண்ணாலதான் பாக்கணும். கடைக்கார அண்ணன்கிட்ட கொஞ்சம் பேசி வச்சுட்டா அடுத்த லோடு வீட்டுச் சாமான் வர்றப்ப போன் பண்ணி சொல்வாங்க. கர்நாடக சங்கீதம் கேப்பீங்கன்னா இந்த ஊர விடாதீங்க, செம்பை வைத்தியநாத பாகவதர், பாலக்காடு மணி ஐயர் ஊராச்சே, பழைய அக்ரஹாரத்து வீடு ஒண்ணு காலி பண்ணா நல்ல எல்பியெல்லாம் வெளிய வரும்.

கொச்சியப் பத்தி தனியா சொல்லணும். மட்டாஞ்சேரில யூதருங்க இருந்த ஜூ டவுன்ல பழம்பொருள் கடைங்க நிறைய, பாக்க அழகா இருக்கும், ஆனா அங்க விலை டூரிஸ்ட்டுக்கான விலை, ரெக்கார்டு சுவத்துல மாட்டற அலங்காரப் பொருள். பித்தளைக் குழாய் வச்ச கிராமபோன் பளபளன்னு இருக்கும், இந்த மாதிரி மிஷின் நெறைய புதுசா ஒட்டுப்போட்டு செஞ்சதுதான். அதுல உங்க எல்பியப் போட்டுக் காட்டறேன்னு யாராவது சொன்னா உடனே தடுத்துருங்க, அந்த இரும்பு ஊசி 78 ஆர்பிஎம், அதான் நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற அந்தக் காலத்துத் தட்டுக்கு உள்ளது, எல்பில வச்சா ஒரே தடவைல பள்ளத்த உழுதுரும். கோழிக்கோடு நீங்க கேக்கல, ஆனா ஹிந்தி கேப்பீங்கன்னா மிட்டாய் தெரு பக்கம் ஒரு நாள் போங்க, ரஃபி, தலத் மஹ்மூத் பாட்டு மேல அந்த ஊர்க்காரங்களுக்கு இருக்கற பிரியம் கடைச் சரக்குலயே தெரியும்.

சென்னைல பழைய சாமான் வித்த மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சதுக்கு அப்பறம் அங்க இருந்த வியாபாரிங்க அல்லிக்குளத்துக்குப் போனாங்க. இப்ப சென்னை, பெங்களூர்ல புதுசா வந்திருக்கற வினைல் கடைங்க நல்லா ஏசி போட்டு, தட்ட நட்டமா நிக்க வச்சு அடுக்கி, தரம் பிரிச்சு ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்காங்க, ஹெட்ஃபோன் குடுத்துக் கேக்கவும் விடறாங்க. மரியாதையா வியாபாரம் பண்றாங்க, எனக்கு அது ரொம்பப் புடிக்கும். ஆனா அங்க இருக்கறது நிறைய வெளிநாட்டுத் தட்டு, தமிழ்ன்னா எக்கோ லேபிள்ல வந்த எண்பதுகளோட இளையராஜா எல்பிங்க இருக்கும், அதுக்கு சொல்ற விலைக்கு நம்ம பக்கம் ஒரு பெட்டியே வாங்கலாம். தரங்கிணி தட்டு எல்லைல தேடறதுதான் லாபம், யேசுதாஸ் 1980ல திருவனந்தபுரத்துல ஆரம்பிச்ச கம்பெனி அது, அவங்க ஓணப் பாட்டு கேரளால அத்தன வீட்லயும் ஓடினது.

இப்ப கடைல நின்னு எப்படிப் பாக்கறதுன்னு சொல்றேன். தட்ட ஓரத்துல புடிச்சு கண்ணு மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்க, வெயில்ல கிடந்து வளைஞ்சிருந்தா தெரிஞ்சிரும். அப்பறம் டியூப்லைட்டுக்குக் கீழ சாய்ச்சுப் பாருங்க, நகத்துல தடவினா தட்டுப்படற கீறல் பாட்டுல டிக் டிக்குன்னு கேக்கும், மேலோட்டமா இருக்கற மயிர்க்கோடு அவ்வளவா கேக்காது. நடு ஓட்டையச் சுத்தி லேபிள்ல கோடு கோடா இருந்தா நிறைய தடவ ஓடினதுன்னு அர்த்தம். போட்டுக் கேக்க விட்டாங்கன்னா மொதல் பாட்டக் கேக்காதீங்க, கடைசிப் பாட்டப் போடச் சொல்லுங்க. உள்வட்டத்துக்குப் போகப் போக ஊசிக்குக் கீழ பள்ளம் ஓடற வேகம் கொறையும், அதனால தேஞ்ச தட்டு மொதல்ல அங்கதான் கரகரன்னு உளறும். பாடறவங்க 'ச' சொல்றப்ப காத்து கிழியற மாதிரி வந்தா வேண்டாம்னு வச்சுருங்க, வயலின் மேல் ஸ்தாயில போறப்பவும் காத குடுத்துக் கேளுங்க. இதுக்கெல்லாம் கடைக்காரர் மொகம் சுளிச்சா அந்தக் கடை உங்களுக்கு இல்ல.

பூஞ்சத் தட்டக் கழுவறதுக்கு டிஸ்டில்டு வாட்டர்ல பாத்திரம் வெளக்கற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு, மெத்துன்னு பஞ்சுத் துணில பள்ளம் போற திசைலயே தொடைங்க, லேபிள்ல தண்ணி படக்கூடாது, நெழல்ல காய வச்சு புது பாலித்தீன் உறைல போட்டு நட்டமா நிக்க வைங்க, பழைய உறைய திருப்பி உபயோகிச்சா பூஞ்ச திரும்ப வந்துரும். 78 தட்டுல மட்டும் ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் தொடவே கூடாது, அது அரக்குல செஞ்சது, கரைஞ்சிரும். அதுக்கு ஊசியும் வேற, எல்பி ஊசிய விட முனை பெருசா இருக்கணும், உங்க டர்ன்டேபிள்ல 78 வேகம் இருக்கான்னு பாத்துட்டு அப்பறம் வாங்குங்க.

நேரம் கிடைச்சா கோட்டயம் மாவட்டம் பிளாசனால்ல சன்னி மேத்யூங்கறவரு 2015ல தொறந்த கிராமபோன் மியூசியம் இருக்கு, போய்ட்டு வாங்க. அது கடை இல்ல, ஆனா ஒரு லட்சம் கிட்ட தட்டு வச்சிருக்காரு, நல்லா வச்சிருந்த 78 எப்படிக் கேக்கும்னு ஒரு தடவ காதுல வாங்கிட்டீங்கன்னா அப்பறம் எந்தக் கடைலயும் உங்கள ஏமாத்த முடியாது. கோயமுத்தூர் வர்றதா இருந்தா கமென்ட்ல சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை நிறைய ரிப்பேர் கடை லீவு, சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல வர்ற மாதிரி பாத்துக்கங்க, நான் கூட்டிட்டுப் போறேன்.