அரை பாட்டில் ஒயின்: கூடுதல் விலை கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

"375 மி.லி. ஒயின் பாட்டிலின் விலை 750 மி.லி. விலையில் பாதிக்கும் மேலே இருக்கிறதே, தெரிந்தே அதை ஏன் வாங்குகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பெரும்பாலும் அதைத்தான் வாங்குகிறேன் என்பதால் சொல்கிறேன்.

விலைக் கணக்கு நீங்கள் சொன்ன மாதிரிதான். கண்ணாடி, கார்க், லேபிள், நிரப்புகிற கூலி எதுவும் பாதியாகக் குறைவதில்லை. உள்ளே போகிற ஒயின் மட்டும்தான் பாதி. லண்டனில் நான் வாங்கும் கடையில் 12 பவுண்டு ஒயினின் அரை பாட்டில் ஏழு, ஏழரைக்குக் கிடைத்தால் நல்ல விலை.

ஆனால் எங்கள் வீட்டில் ஒயின் குடிப்பது நான் ஒருவன்தான். 375 மி.லி. என்றால் 125 மி.லி. கிளாஸில் மூன்று. இன்றைக்கு இரண்டு, நாளைக்கு ஒன்று, தீர்ந்தது. முழு பாட்டிலைத் திறந்தால் மிச்சம் ஃப்ரிட்ஜ் கதவில் நிற்கும். நாலாம் நாள் ஊற்றிப் பாருங்கள்: வெள்ளை ஒயினில் எலுமிச்சை, பேரிக்காய் வாசனையெல்லாம் போய், நறுக்கி வைத்துக் கறுத்த ஆப்பிளின் வாடை வரும். ஆல்கஹாலில் கொஞ்சம் காற்றுப் பட்டு அசிட்டால்டிஹைடாக மாறுகிற வாடை அது. அப்புறம் ஒன்று, சிங்க்கில் கொட்ட வேண்டும். இல்லையென்றால் திறந்துவிட்டோமே என்று வேண்டாத ஒரு கிளாஸைக் குடிக்க வேண்டும். இரண்டாவதுதான் மோசம். 13 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் ஒரு முழு பாட்டில், பிரிட்டன் கணக்கில் கிட்டத்தட்ட 10 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மி.லி. சுத்த ஆல்கஹால்). வாரத்துக்கு 14ஐத் தாண்டாமல் இருங்கள் என்பது இங்குள்ள அரசு மருத்துவ ஆலோசனை.

சில ஒயின்களுக்கு அரை பாட்டில்தான் சரியான அளவு என்றே சொல்வேன். ஸ்பெயினில் சான்லூகர் ஊரின் மன்சானியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஷெர்ரி வகை, உலர்ந்த, லேசாக உப்புக் கரிக்கிற ஒயின். பீப்பாயில் இருக்கும்வரை பாலாடை போல ஈஸ்ட் படலம் மேலே படர்ந்து, காற்றுப் படாமல் காக்கிறது. பாட்டிலுக்கு வந்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. திறந்த பிறகு சீக்கிரமே களையிழந்துவிடும். செவில் நகரத் திருவிழாவில் மேஜைக்கு மேஜை அரை பாட்டில் மன்சானியா வருவது சும்மா இல்லை. சில்லென்று திறந்து, வறுத்த பாதாமோடு அன்றைக்கே முடித்துவிட வேண்டிய பொருள்.

அடுத்தது சோட்டர்ன். பிரான்ஸில் போர்தோ பக்கத்து இனிப்பு ஒயின். பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சையைப் பலமுறை தோட்டத்துக்குப் போய்ப் பொறுக்கிப் பறிக்கிறார்கள். ஒரு கொடியிலிருந்து கிடைக்கிற சாறு மிகக் குறைவு, அதனால் விலை ஏறுகிறது. தேனும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மாதிரி அவ்வளவு அடர்த்தி, ஒருவருக்கு 60 மி.லி. தாராளம். விருந்து முடிவில் ஆறு பேருக்கு ஓர் அரை பாட்டில் கணக்காக இருக்கும். முழு பாட்டில் விலையைப் பார்த்துவிட்டுப் பின்வாங்குகிறவர்களும் இதை ஒருமுறை ருசி பார்த்துவிடலாம். அதற்காகவே இந்த அளவை நான் மெச்சுகிறேன்.

இரண்டு பேராக வெளியே சாப்பிடப் போனால் மீனுக்கு ஒரு வெள்ளை, கறிக்கு ஒரு சிவப்பு என்று இரண்டு அரை பாட்டில் எடுக்கலாம். பல உணவகங்களின் பட்டியலில் நாலைந்துக்கு மேல் இருக்காது, அது ஒரு குறை.

இன்னொரு விஷயம். வருடக்கணக்கில் எடுத்து வைக்க நினைத்தால் அரை பாட்டில் வேண்டாம். கழுத்தும் கார்க்கும் ஏறக்குறைய பெரிய பாட்டிலின் அளவேதான், ஒயின் மட்டும் பாதி. அப்படியென்றால் ஒரே அளவு ஒயினுக்குக் காற்று அதிகம் சேருகிறது, சீக்கிரம் முதிர்கிறது. பத்து வருடம் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இதுவே வசதி.

திருகு மூடி போட்ட காலி அரை பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒயின் 750 மி.லி.யில்தான் கிடைக்கிறதென்றால், திறந்த உடனே, முதல் கிளாஸ் ஊற்றுவதற்கு முன்பே, அந்தக் காலி அரை பாட்டில் ஒன்றில் விளிம்புவரை ஊற்றி இறுக்க மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். உள்ளே காற்றுக்கு இடமே இருக்கக் கூடாது. குடித்த மிச்சத்தை ஊற்றி வைத்தால் இது பலிக்காது. இப்படி வைத்த சிவப்பு ஒயின் அடுத்த வாரம்கூட எனக்கு நன்றாகவே இருந்திருக்கிறது.