வீட்டு வளவில் பீட்சா போறணை: வெள்ளைக்கல் ஆகுமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து அண்ணா குடும்பம் வருகிறது. பிள்ளைகளுக்காக வளவுக்குள் விறகில் பீட்சா சுடுகிற சின்னப் போறணை ஒன்று கட்ட ஆசை. பழைய வீடு இடித்த வெள்ளைக்கல் நிறையக் கிடக்கிறது. அதையும் சீமெந்தையும் வைத்து பேக்கரிப் போறணை மாதிரிக் கட்டித் தருகிறேன் என்கிறார் மேசன். கட்டலாமா? என்ன விறகு நல்லது?"

தாராளமாகக் கட்டலாம். ஆனால் அந்த வெள்ளைக்கல் நெருப்புப் படாத இடத்தோடு நிற்கட்டும். இடுப்பளவு மேடை கட்ட அது அருமையான கல். போறணைக் கூரைக்குள் வைத்தால்தான் பிரச்சினை. வெள்ளைக்கல் என்பது நம்முடைய சுண்ணக்கல்தான், அது ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். திடீர்ச் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகிக் கல்லைச் சிதறடிக்கும். நெருப்புப் பக்கத்துக்கு நன்றாக வெந்த செங்கல் எடுங்கள். இரண்டு கல்லைத் தட்டினால் மணி மாதிரிச் சத்தம் வர வேண்டும். கையில் காசு இருந்தால் தளத்துக்கு மட்டும் கடுஞ்சூடு தாங்குகிற பயர் பிறிக் வாங்குங்கள், கூரைக்குச் சாதாரணச் செங்கல் போதும்.

பேக்கரிப் போறணையில் விறகை உள்ளே எரித்து, தணலை வாரி எடுத்துவிட்டு, சுவரில் தேங்கிய சூட்டில் பாண் போடுவார்கள். 220, 250 பாகை செல்சியஸ் இருந்தாலே பாண் வெந்துவிடும். பீட்சாவுக்கு 350, 400 பாகை வேண்டும், நெருப்பும் உள்ளே ஒரு ஓரத்தில் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். சுவாலை கூரையில் படர்ந்து மேலிருந்து சுடும், தளம் கீழிருந்து சுடும், இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதனால் கூரை தாழ்வாக இருக்கட்டும். உள் விட்டம் 90 சென்ரிமீற்றர் என்றால் நடு உயரம் 45, வாயின் உயரம் 28. வாய் இதைவிட உயர்ந்தால் சூடு வெளியே ஓடும். மிகவும் தாழ்ந்தால் நெருப்பு மூச்சுத் திணறும். புகைக்குழாய் கூரையின் உச்சியில் வேண்டாம், வாய்க்கு மேலே முன்பக்கம் வையுங்கள்.

இனி மேசன்மார் அதிகம் கவனிக்காத விஷயம். தடித்த சுவர் வேறு, சூட்டைத் தடுக்கிற உறை வேறு. மேடையின் கொங்கிரீற் தட்டின் மேல் நேரே செங்கல் தளம் போட்டால், தட்டு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே சீஸ் கருகும், அடி மா பச்சையாக நிற்கும். தட்டின் மேல் சுற்றிவர ஒரு வரி செங்கல் வைத்து, நடுவில் உமியைக் களிமண் கரைசலில் பிசைந்து 10 சென்ரிமீற்றர் நிரப்பிக் காயவிடுங்கள். உமி கருகினாலும் அது விட்டுப்போகும் துளைகள் காற்றைப் பிடித்து வைக்கும். அதன் மேல் மெல்லிய மணல் பரப்பி, தளக் கற்களைச் சாந்து இல்லாமல் நெருக்கி அடுக்குங்கள். கூரைக்கு மேலும் அதே உமிக் கலவை 10 சென்ரிமீற்றர் பூச வேண்டும். செலவே இல்லாத இந்த இரண்டு பூச்சில்தான் போறணையின் தரம் இருக்கிறது.

கூரைச் சாந்துக்குத் தனிச் சீமெந்து கூடாது. 300 பாகைக்கு மேல் போகப் போக அதன் இறுக்கம் கழன்று, தூளாகக் கொட்டத் தொடங்கும். களிமண் ஒரு பங்கு, உப்பில்லாமல் கழுவிய மணல் இரண்டரைப் பங்கு போதும். ஒரு உருண்டை பிடித்து நிழலில் காய வையுங்கள்: வெடித்தால் மணல் கூட்டுங்கள், உதிர்ந்தால் களிமண் கூட்டுங்கள். ஈர மணலைக் குவியலாகத் தட்டி, மேலே நனைத்த பத்திரிகைத் தாள் ஒட்டி, அதன் மேல் பாதிக் கற்களை வளையம் வளையமாக அடுக்கலாம். சாந்து இறுகிய பின் வாய் வழியாக மணலை வாரி எடுங்கள்.

போறணையின் வாய், தென்மேற்கில் இருந்து வீசும் சோளகக் காற்றைப் பார்க்க வேண்டாம். ஓலை வேலியில் இருந்து பத்தடியாவது தள்ளியிருக்க வேண்டும், மேலே கிடுகு வேண்டவே வேண்டாம், தகரம் போடுங்கள். பொறி ஒன்று போதும். இதில் மட்டும் தயவுசெய்து சமரசம் செய்யாதீர்கள்.

கட்டி முடித்ததும் பெருநெருப்பு மூட்டினால் கூரை பிளக்கும். இரண்டு வாரம் காய விட்டு, பிறகு ஒரு கிழமைக்கு நாளுக்கொரு சின்ன நெருப்பு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி. ஆகவே திருவிழாவுக்கு ஒன்றரை மாதம் முன்பாவது வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

விறகுக்கு நன்றாகக் காய்ந்த சவுக்கு, புளி, பூவரசு நல்லது. மூட்ட பன்னாடையும் சிரட்டையும் இருக்கவே இருக்கின்றன. அலரி நஞ்சு, அதைத் தொடவே வேண்டாம். பெயின்ற் அடித்த பலகையும் கூடாது. முதலில் கூரை உள்ளே கரி படிந்து கறுக்கும். சூடு ஏற ஏற அந்தக் கரி எரிந்து செங்கல் வெளுக்கும். வெளுத்த பிறகு தணலை ஓரத்துக்குத் தள்ளி, தளத்தில் ஒரு சிட்டிகை மா தூவுங்கள். உடனே கருகினால் கொஞ்சம் ஆறவிடுங்கள். சில விநாடி எடுத்துச் சிவந்தால் போடலாம். நல்லூரில் கொடியேறினால் வீட்டில் மச்சம் இராது, தக்காளியும் சீஸும் சுட்ட கத்தரிக்காயுமே போதும். பீட்சா முடிந்து சூடு கொஞ்சம் தணிந்ததும் மிச்சச் சூட்டில் றோஸ் பாணும் போட்டுப் பாருங்கள்.

வாடை மழையில் போறணை நனைந்தால், அடுத்த தடவை மறுபடியும் சின்ன நெருப்பில் இருந்தே தொடங்க வேண்டும்.