இலைக்கு அடியில் இருப்பது பூச்சி இல்லை: பெரணி கேள்வி-பதில்

மழை ஓய்ந்து பனி இறங்கும் பருவம். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வீட்டுக்குள் வளர்க்கும் பெரணி, அதாவது பெர்ன் செடி பற்றித்தான்.

பறவைக்கூட்டுப் பெரணியின் இலைக்கு அடியில் பழுப்புக் கோடுகள். சோப்புத் தண்ணீரால் துடைத்தும் போகவில்லை. என்ன மருந்து அடிக்கலாம்? (குன்னூர்)

மருந்து வேண்டவே வேண்டாம். அவை ஸ்போர் என்னும் வித்துத்தூள் நிறைந்த பைகளின் வரிசை. பெரணி பூக்காது, காய்க்காது, அதற்கு விதையும் கிடையாது. இனம் பெருகுவது இந்தத் தூளால்தான். உங்கள் வகையில் நடுநரம்பின் இருபுறமும் மீன்முள் போலச் சாய்ந்த கோடுகளாக வரும். இலையில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் செதில்பூச்சிக்கு அந்த ஒழுங்கு இருக்காது. கண்ட இடத்தில் ஒட்டியிருக்கும், நடுநரம்பின்மேலும் ஏறும், நகத்தால் சுரண்டினால் கழன்று வரும், இலையும் பிசுபிசுக்கும். சந்தேகம் தீரவில்லையா? முதிர்ந்த இலையில் ஒரு துண்டு வெட்டி, கோடுகள் கீழே பார்க்கும்படி வெள்ளைத்தாளில் போட்டு, காற்றுப் படாமல் இரண்டு நாள் வையுங்கள். ஸ்போர் முற்றியிருந்தால் காப்பித்தூளைவிட மெல்லிய பொடி உதிர்ந்து கிடக்கும். முதன்முதலில் அதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியே தனி!

சோப்புப் பட்ட இலைகளை வெறும் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். இலைகள் கூடும் நடுக்கிண்ணத்தில் மட்டும் தண்ணீர் தேங்கக் கூடாது, குருத்து அழுகிவிடும்.

பனிக்குப் பயந்து போஸ்டன் பெர்னை ஹாலுக்குள் கொண்டுவந்தேன். தினமும் தண்ணீர் விட்டும் நுனி காய்ந்து உதிர்கிறது. (ஊட்டி)

உள்ளே எடுத்தது சரி, உறைபனி பட்டால் இலை கருகிவிடும். ஆனால் ஹாலில் ஹீட்டர் ஓடுகிறதா? அது காற்றின் ஈரத்தைக் குறைத்துவிடும். இலை காய்கிறது, வேரோ தினம் விடும் தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது. ஹீட்டர் இல்லாத அறையில், நேர்வெயில் படாத ஜன்னலோரம் மாற்றுங்கள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் காலையில் தண்ணீர் விடுங்கள். காய்ந்த இலைகளை அடியோடு வெட்டிவிடலாம். வேர் அழுகாமல் இருந்தால் குளிர் குறைந்ததும் நத்தை ஓடு போலச் சுருண்ட புதுக் குருத்துகள் வரும்.

அப்புறம் ஒன்று, இது செடிக்காக இல்லை, உங்களுக்காக: குளிருக்கென்று மூடிய அறையில் கரி அடுப்பு வைக்காதீர்கள். அதிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

தொட்டிக்கு என்ன மண்? (குன்னூர்)

இலைமக்கு இரண்டு பங்கு, தோட்டமண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. தொட்டியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கட்டும்.

ஆஸ்பராகஸ் பெர்னைப் பூனை கடிக்கிறது. ஆபத்தா? (கோத்தகிரி)

பெயர்தான் பெர்ன், அது பெரணியே இல்லை, தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு. அதன் பழம் பூனைக்கு ஆகாது, எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். போஸ்டன் பெர்னைக் கடித்தால் பயமில்லை.

சோலைக்காட்டு ஓடையில் மரப்பெரணிக் கன்று பார்த்தேன். எடுத்துவந்து வளர்க்கலாமா? (கொடைக்கானல்)

எடுக்காதீர்கள். காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது குற்றம். எடுத்தாலும், ஓடையின் சாரலில் வளர்ந்த கன்று உங்கள் வரவேற்பறையில் நிற்காது. மெதுவாக வளரும் செடி அது, ஒன்று போனால் அந்த இடம் நிரம்ப வெகுகாலம் ஆகும். ஆசையாக இருந்தால் ஊட்டி தாவரவியல் பூங்காவின் பெரணி இல்லத்தை ஒருமுறை நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். வீட்டுக்கு நர்சரியிலிருந்து ஒரு போஸ்டன் பெர்ன் வாங்கிக்கொள்ளுங்கள்.