காது கேட்கும் கருவி அணிந்தவர் கைப்பேசியில் பேசும்போது வரும் இரைச்சல் ஆபத்தின் அறிகுறியா?

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த கைப்பேசியைக் காதில் வைத்தவுடன் உங்கள் அப்பாவின் காது கேட்கும் கருவியில் 'ட்ர்ர்ர்' என்று இரைகிறது என்றும், கதிர்வீச்சு உள்ளே இறங்குவதால்தான் அப்படி ஒலிக்கிறதோ என்று வீட்டில் எல்லோரும் அஞ்சுகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கைப்பேசியின் கையேட்டில் உள்ள 'எம்3/டி4' என்ற குறிப்புக்கும், 'வரும் குறுக்கீட்டை இச்சாதனம் ஏற்றுக்கொள்ள வேண்டும்' என்ற வாசகத்துக்கும் பொருள் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன்; 16 ஆண்டுகளாக இரண்டு காதுகளிலும் கருவி (ஊர் வழக்கில் காது மெஷின்) அணிபவன். இந்த இரைச்சலுக்காக என் முதல் கருவியை இரண்டு முறை பழுது பார்க்க அனுப்பி, இரண்டு முறையும் பணம் கட்டி, கடைசியில் கருவியில் ஒரு குறையும் இல்லை, கைப்பேசியே காரணம் என்று அறிந்தவன்.

இரைச்சலுக்குக் காரணம் அலையின் வலிமை மட்டும் அன்று, அது வெட்டி வெட்டி வரும் தாளமும்தான். 2ஜி எனப்படும் ஜி.எஸ்.எம். முறையில் ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் நேரத்தைப் பங்கிட்டுப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே ஒவ்வொரு கைப்பேசியும் இடைவிடாமல் அலையை அனுப்புவதில்லை, ஏறத்தாழ 4.6 மில்லிவினாடிக்கு ஒருமுறை, தன் முறை வரும்போது மட்டும், பளிச்சென்று ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு அடங்கிவிடுகிறது. வினாடிக்கு 217 துடிப்புகள். அந்த வானொலி அலை மனிதக் காதுக்குக் கேட்காது. ஆனால் கருவிக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகள் ஆன்டெனாவைப் போல அதைப் பிடிக்க, ஒலிபெருக்கிச் சுற்று அந்தத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து, 217 ஹெர்ட்ஸ் ஒலியாகப் பெருக்கிக் காதில் ஊற்றிவிடுகிறது. முன்பெல்லாம் அழைப்பு வருவதற்குச் சற்று முன்பே பக்கத்து ரேடியோவிலும் கணினி ஸ்பீக்கரிலும் 'டட்டட் டட்டட்' என்று கேட்குமே, அதே சங்கதிதான். ஸ்பீக்கர் இரைந்ததற்காக ஸ்பீக்கருக்கு நோய் வந்துவிட்டது என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

உங்கள் வீட்டு நிகழ்வில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்: வெளிநாட்டில் வாங்கிய சில கைப்பேசிகளில் நம் நிறுவனங்களின் வோல்ட்டி (குரல் அழைப்பையும் 4ஜி வழியாகவே அனுப்பும்) வசதி வேலை செய்வதில்லை. இணையம் 4ஜி-யில் ஓடினாலும், அழைப்பு வந்ததும் கைப்பேசி பழைய 3ஜி அல்லது 2ஜி-க்கு இறங்கிவிடுகிறது. ஏர்டெல் 2020-க்குள் தன் 3ஜி சேவையை நிறுத்திவிட்டதால், அந்தச் சிம்மாக இருந்தால் இறங்குவதற்கு 2ஜி மட்டுமே மிச்சம். 2ஜி கைப்பேசி 900 மெகாஹெர்ட்ஸில் உச்சமாக 2 வாட் வரை துடிக்கக்கூடியது. 4ஜி கைப்பேசியின் உச்சம் பொதுவாக 0.2 வாட். மேலும் சிக்னல் குறையக் குறையக் கைப்பேசி தன் வலிமையைக் கூட்டிக்கொள்ளும் என்பதால், உள்ளறையில் இரைவது வாசலில் அடங்கிவிடுவதும் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போது திரையின் மேல்மூலையில் 4ஜி என்ற குறி மறைந்து, 2ஜி-யைக் குறிக்கும் 'ஈ' (E) அல்லது 'ஜி' (G) என்று மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் காரணம் பெரும்பாலும் அதுதான். ஜியோவில் 2ஜி-யே கிடையாது என்பதால், அந்தச் சிம்மை ஒருநாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. அதன் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் விட்டு விட்டு அனுப்பும் முறைதான் என்றாலும், வலிமை குறைவு.

அதற்கும் முன்பாக, அது வானொலி இரைச்சல்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கைப்பேசியை விமானப் பயன்முறையில் இட்டு அப்பா காதில் வைக்கட்டும். அப்போதும் 'கீச்' என்று விசிலடித்தால் அது வேறு: கருவியின் ஒலி கைப்பேசியின் பரப்பில் பட்டுத் திரும்பி மைக்கில் நுழைவதால் வருவது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி என்றால் அதன் மைக் காது மடலின் மேற்புறம் இருக்கும். சாதாரணமாகப் பிடிப்பதுபோல் காதுத் துளையில் வைக்காமல், கைப்பேசியைச் சற்று மேலே தூக்கிச் சாய்த்துப் பிடித்தால் விசிலும் நிற்கும், பேச்சும் தெளியும். இந்தச் சின்ன விஷயத்தை எனக்கு யாரும் முதல் மூன்று ஆண்டுகள் சொல்லித்தரவில்லை.

இனி கையேட்டுக் குறிப்பு. அமெரிக்காவில் தொலைபேசிகள் காது கேட்கும் கருவியோடு ஒத்துப்போக வேண்டும் என்ற சட்டம் 1988-இல் வந்தது. அப்போது செல்பேசிகளுக்கு விலக்கு அளித்திருந்தார்கள். அந்த விலக்கை அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2003-இல் தளர்த்தியது. 'எம்' என்பது கருவி மைக் வழியாகக் கேட்கும்போது வரும் இரைச்சலைக் குறித்த மதிப்பெண். 'டி' என்பது டெலிகாயில் (காந்தப்புலமாக வரும் ஒலியைப் பிடிக்க, கருவிக்குள் இருக்கும் சிறு கம்பிச்சுருள்) வழியாகக் கேட்பதற்கானது. இரண்டும் 1 முதல் 4 வரை. 3 கிடைத்தால் தேர்ச்சி. கருவிக்கும் இதேபோன்ற மதிப்பெண் உண்டு. இரண்டையும் கூட்டினால் 4 வந்தால் ஒருவாறு பேசலாம், 5 வந்தால் வழக்கமான பயன்பாட்டுக்குப் போதும், 6 வந்தால் மிக நன்று. புதிய தர அளவீட்டில் இந்த எண்களை விட்டுவிட்டு, தேர்ச்சியா இல்லையா என்று மட்டும் சொல்கிறார்கள். 2024 அக்டோபரில் எஃப்.சி.சி., ஒரு கால அவகாசத்துக்குப் பின் அங்கு விற்கும் எல்லாக் கைப்பேசி மாதிரிகளும் ஒத்திசைவு உடையவையாக இருக்க வேண்டும் என்று விதி செய்தது. ஆனால் அந்த மதிப்பீடு அமெரிக்க அலைவரிசைகளில் அளந்தது. நம் 2ஜி ஓடுவது 900, 1800 மெகாஹெர்ட்ஸில். ஆகவே 'எம்3' என்ற முத்திரை உங்கள் அப்பாவின் காதுக்குத் தரும் உத்தரவாதம் பாதிதான்.

'குறுக்கீட்டை ஏற்க வேண்டும்' என்ற வாசகம் வாடிக்கையாளரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது அன்று. எஃப்.சி.சி. விதிகளின் பகுதி 15-இல் வரும் சாதனம் பிறருக்குத் தீங்கான குறுக்கீடு தரக்கூடாது, தனக்கு வரும் குறுக்கீட்டிலிருந்து பாதுகாப்புக் கோரவும் முடியாது என்பதே அதன் பொருள். உரிமம் பெற்ற அலைவரிசைக்கு முன்னுரிமை, மற்றவை ஒதுங்கிப் போக வேண்டும் என்னும் ஏற்பாடு அது. படிக்கும்போது மிரட்டுகிறது என்பது உண்மைதான்.

கதிர்வீச்சைப் பொறுத்தவரை, இந்தியா 2012-இல் அமெரிக்காவின் அளவையே எடுத்துக்கொண்டது: எந்த ஒரு கிராம் திசுவிலும் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் உறிஞ்சப்படக்கூடாது. எஸ்.ஏ.ஆர். எனப்படும் இந்த எண்ணைப் பெரும்பாலான கைப்பேசிகளில் *#07# என்று அழுத்தினால் பார்க்கலாம். கைப்பேசி முழு வலிமையில் இயங்கும் நிலையில் அளப்பதாகையால், 0.8 உள்ளதைவிட 1.1 உள்ளது அன்றாடத்தில் அதிகம் உமிழும் என்று முடிவுகட்ட இயலாது. அந்த எண்ணுக்கும் இரைச்சலுக்கும் நேர்த் தொடர்பும் இல்லை, எஸ்.ஏ.ஆர். குறைந்த கைப்பேசி என்று தேடி வாங்கியும் இரைச்சல் நீங்காமல் ஏமாந்தவர்களை நான் அறிவேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் வானொலி அலைகளை 2பி பிரிவில், அதாவது புற்றுநோய் ஏற்படுத்தும் சாத்தியத்தை மறுக்க முடியாதவற்றில், சேர்த்தது. கற்றாழை முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அச்சம் இருந்தால் தூரத்தைக் கூட்டுவதே மிகப் பயனுள்ள வழி, அதுவே இரைச்சலுக்கும் மருந்து.

தூரத்தைக் கூட்ட ப்ளூடூத் உதவும். உங்கள் அப்பாவின் கருவியில் அந்த வசதி இருந்தால் கைப்பேசி மேசைமேல் இருக்க, குரல் நேராகக் கருவிக்குள் வரும். பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும். பழைய கருவியாக இருந்தால், கருவியைப் பொருத்தித் தந்த செவித்திறன் நிபுணரிடம் டெலிகாயில் இருக்கிறதா என்று கேளுங்கள். பல கருவிகளில் அது இருந்தும் முடக்கியே வைத்திருக்கிறார்கள். கேட்டால்தான் திறந்து தருவார்கள். அதைத் திறந்தபின், கழுத்தில் மாலைபோல் மாட்டும் ப்ளூடூத் வளையம் காந்தப்புலமாக ஒலியை அனுப்ப, டெலிகாயில் அதைப் பிடித்துக்கொள்ளும். இன்வர்ட்டருக்கும் பழைய டியூப்லைட் சோக்குக்கும் அருகில் அதுவும் 'ம்ம்' என்று முனகும். நாற்காலியை நான்கடி தள்ளிப் போட்டால் போதும்.

அப்பாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கரும் இருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் கைப்பேசியை மேல்பையில் வைக்க வேண்டாம். 15 சென்டிமீட்டராவது விலகியிருக்க வேண்டும், பேஸ்மேக்கர் இருக்கும் பக்கத்துக்கு எதிர்க் காதில் பேச வேண்டும். கழுத்து வளையத்தை வாங்கும் முன் இதய மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் அது தொங்கும் இடமும் நெஞ்சுதான்.