ஸ்கேனிலேயே புற்றுநோய் பரவியது தெரிகிறதே, மறுபடி பயாப்சி எதற்கு?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் திரும்ப வந்து எலும்பிலும் ஈரலிலும் பரவியிருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது, டாக்டரோ மருந்தைத் தொடங்காமல் இன்னொரு பயாப்சி (திசுவில் துளி எடுத்துச் சோதிப்பது) கேட்கிறார், நாள் கடத்துகிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் இதே கேள்வியை என் சித்திக்காகத் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறேன்.

எங்களுக்குக் கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம். சித்திக்கு மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. முதுகு வலிக்கிறது என்றபோது பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தேய்மானம் என்று இரண்டு மாதம் மாத்திரையும் பெல்ட்டும் கொடுத்தார்கள். பழைய நோயைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, அது எங்கள் தப்பு.

அப்புறம்தான் பெட் ஸ்கேன். ஆறு மணி நேரம் பட்டினி, கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை ஊசி போட்டு ஒரு மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். உடம்பில் சர்க்கரையை அதிகமாக இழுக்கும் இடமெல்லாம் படத்தில் ஒளிரும். புற்றுநோய் இழுக்கும், சரி. காசநோயும் இழுக்கும். அதாவது ஸ்கேன் இடத்தைக் காட்டுமே தவிர, அங்கே இருப்பது என்ன என்று உறுதியாகச் சொல்லாது. நான்கு வருடத்துக்கு முன்பு வந்த அதே நோய்தானா, வேறு உறுப்பில் புதிதாகத் தொடங்கியதா என்பதும் திசுவை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

டாக்டர் மலையாளத்தில் 'படர்ந்நு' என்றுதான் சொன்னார். சித்திக்கு அந்த ஒரு சொல் போதும். வீட்டுப் பின்னால் பலாவில் நல்லமிளகுக் கொடி ஏற்றியிருக்கிறவர். "பலாவுல ஏறினாலும் காய்க்கது நல்லமிளகுதானே" என்றார். பரவிய புற்றுநோயை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. மார்பில் தொடங்கி எலும்புக்குப் போனது எலும்புப் புற்றுநோய் ஆகாது, மார்பகப் புற்றுநோய்தான். மருந்தும் அதற்கு ஏற்றதுதான்.

ஆனால் கொடியின் குணம் இடையில் மாறலாம். முதல் கட்டியில் ஹார்மோன் ஏற்பி, அதாவது ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம், இருந்திருக்கும், பரவிய இடத்தில் இல்லாமல் போயிருக்கும். செல்லை வேகமாக வளரவைக்கும் ஹெர்2 என்ற புரதமும் அப்படி மாறக்கூடும். ஹார்மோன் மாத்திரையா, கீமோவா, ஹெர்2-வைக் குறிவைக்கும் ஊசியா என்ற முடிவே இவற்றை வைத்துத்தான். பழைய ரிப்போர்ட்டை நம்பித் தொடங்கினால் பொருந்தாத மருந்தில் மாதங்கள் போய்விடும்.

வலி முதுகில் இருக்க, ஊசி குத்தியது ஈரலில். அதற்கும் சண்டைக்குப் போனேன். எலும்புத் துண்டை நுண்ணோக்கியில் பார்க்க முதலில் அமிலத்தில் ஊறவைத்து மெதுவாக்க வேண்டுமாம். அந்த அமிலமே சில சோதனைகளைக் கெடுத்துவிடும். எளிதாகவும் ஆபத்தில்லாமலும் எடுக்க முடிகிற, நல்ல திசு கிடைக்கிற இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் வலிக்கு மார்ஃபின் (morphine) என்ற மாத்திரை கொடுத்தார்கள். மார்ஃபின் என்றதும் பயப்படாதீர்கள், அது கடைசிக் கட்டத்துக்கு மட்டும் உரிய மருந்து அல்ல.

காத்திருக்கக் கூடாத சங்கதி ஒன்று உண்டு. முதுகெலும்பில் பரவியவருக்குக் கால் தளர்ந்தாலோ மரத்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறினாலோ அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். நடை போன பிறகு திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

சிகிச்சையைத் திட்டமிடும் அன்று டாக்டர் கேட்ட முதல் கேள்வி மருந்தைப் பற்றியதே இல்லை. பகலில் எவ்வளவு நேரம் படுக்கையில் இருக்கிறார், தானே குளிக்கிறாரா என்று கேட்டார். "நாங்க ஒரு வேலையும் செய்ய விடமாட்டோம்" என்று மைனி பெருமையாகச் சொன்னார். டாக்டர் எங்களைக் கையமர்த்திவிட்டுச் சித்தியிடமே கேட்டார். தோட்டத்தில் நடப்பேன், இவர்கள்தான் விடுவதில்லை என்றார் சித்தி. உடல் எவ்வளவு தாங்கும் என்று பூஜ்யத்திலிருந்து நான்கு வரை ஒரு மதிப்பு போடுகிறார்கள். நாங்கள் பாசத்தில் அடுக்கிய பதிலைக் கேட்டிருந்தால் அந்த மதிப்பு தப்பாகியிருக்கும்.

சித்திக்கு ஹார்மோன் ஏற்பி அப்படியே இருந்தது, ஹெர்2 இல்லை. லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரை, அதோடு சேர்த்துக் கொடுக்கும் பால்போசிக்ளிப் மாத்திரை, எலும்புக்கு ஊசி (அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும், தாடை எலும்பு பாதிக்கப்படலாம்), வலிக்கிற இடத்தில் ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு. கீமோ இல்லை. நாங்கள் அவசரப்படுத்தியிருந்தால் அதைத்தான் வாங்கியிருப்போம்.

குணமாகுமா என்று நேராகக் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில், "இல்லை, கட்டுக்குள் வைக்கலாம்." எல்லாப் புற்றுநோய்க்கும் இதே பதில் வராது. ஆண்களின் விதையில் வரும் புற்றுநோய் பரவியிருந்தாலும் பெரும்பாலும் குணமாகிறது. பெருங்குடலிலிருந்து ஈரலுக்கு ஓரிரு இடம் மட்டும் போயிருந்தால் அறுத்து எடுத்து முழுதாகக் குணப்படுத்த முயல்வதும் உண்டு.

போகும்போது பழைய பயாப்சித் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கை முதல் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. நாங்கள் அதை மறந்து, எங்கள் பக்கத்து ஸ்டேஷனான பாறசாலையிலிருந்து இரண்டாம் தடவை ரயில் ஏறினோம்.